ஃபேஸ் அன்லாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி இதுதான்: போனை முகம் காட்டித் திறப்பது பாதுகாப்பானதா? என் போட்டோவைக் காட்டி இன்னொருவர் திறந்துவிட முடியுமா? என் முகத்தை அந்தக் கம்பெனி எங்கேயாவது சேமித்து வைக்கிறதா? வங்கி ஆப்புக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா?

ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. ஃபேஸ் அன்லாக் என்ற ஒரே பெயரில், தரத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசமுள்ள ஏற்பாடுகள் இருக்கின்றன. சில போன்களில் அது நாலு இலக்கப் பின் நம்பரைவிட உறுதியானது. சில போன்களுக்கு உங்கள் வாட்ஸ்அப் டிபியே போதும், திறந்துகொள்ளும். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர், ஏறத்தாழ ஒரே ஐகான்.

பூட்டு என்ற கோணத்தில் பார்த்தால் முகத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது ரகசியம் இல்லை. பின் நம்பர் உங்கள் தலைக்குள் இருக்கிறது. முகத்தையோ தெருவில் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள். அடையாள அட்டையிலும் நண்பர்கள் எடுத்த படங்களிலும் சமூக வலைதளங்களிலும் அது இறைந்து கிடக்கிறது. அதனால் "இது யாருடைய முகம்?" என்று சரியாகக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. "இந்த முகம் இப்போது, உயிரோடு, என் முன்னால் இருக்கிறதா?" என்பதற்கும் போன் பதில் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் கேள்விக்கு இன்றைய மென்பொருள் மிக நன்றாகவே விடை சொல்கிறது. போனுக்குப் போன் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற வித்தியாசமெல்லாம் இரண்டாவது கேள்வியில்தான்.

முதல் கேள்வியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1960-களில் அமெரிக்காவில் வுடி பிளெட்சோ என்ற கணித வல்லுநர், படங்களில் கண்ணின் ஓரம், வாயின் ஓரம் போன்ற புள்ளிகளை ஆள் வைத்துக் குறித்து, அவற்றுக்கு இடையிலான தூரங்களைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார். "கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று போன் அளக்கிறது" என்று இன்றைக்கும் சிலர் விளக்குகிறார்களே, அது அந்தக் காலத்து முறை. இப்போது அப்படி நடப்பதில்லை. நியூரல் நெட்வொர்க் ஒன்றுக்கு லட்சக்கணக்கான முகப் படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். அது ஒவ்வொரு முகத்தையும் ஓர் எண் வரிசையாக மாற்றும். ஒரே ஆளின் இரண்டு படங்கள் என்றால் இரண்டு வரிசைகளும் நெருங்கி இருக்க வேண்டும். வேறு ஆள் என்றால் விலகி இருக்க வேண்டும். பயிற்சி என்பது இவ்வளவுதான். 2015-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் ஒரு முகத்தை வெறும் 128 எண்களில் அடக்கியது. அப்போது எல்லோரும் பயன்படுத்திய ஒரு சோதனைத் தொகுப்பில் 99.63 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்த 128 எண்களில் ஐம்பதாவது எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் அதைச் செய்தவர்களாலேயே சொல்ல முடியாது. மூக்கின் நீளமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

போனில் முதல் தடவை முகத்தைப் பதிவு செய்யும்போது இப்படிக் கிடைக்கும் எண்களைத்தான் டெம்ப்ளேட் என்கிறார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கும் எண்கள் டெம்ப்ளேட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்து, ஓர் எல்லைக்குள் இருந்தால் திற, இல்லாவிட்டால் மறு. அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் கம்பெனிக்குத் தலைவலி. கொஞ்சம் தளர்த்தினால் உங்கள் அண்ணன் முகத்துக்கும் திறக்கும். கொஞ்சம் இறுக்கினால் தூங்கி எழுந்த முகத்தோடு நீங்களே காட்டினாலும் திறக்காது.

விளம்பரங்களில் வரும் எண்ணைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் பார்த்தால் ஐபோன் தவறுதலாகத் திறந்துகொள்ளும் வாய்ப்பு 10 லட்சத்தில் 1-க்கும் குறைவு என்று ஆப்பிள் சொல்கிறது. அதே கம்பெனியின் விரல்ரேகைப் பூட்டுக்கு அந்த எண் 50,000-த்தில் 1. நாலு இலக்கப் பின் நம்பரைக் குருட்டாம்போக்கில் அடித்தால் 10,000-த்தில் 1. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த 10 லட்சம் என்பது தற்செயலாக அகப்பட்ட அந்நியரைப் பற்றியது. உங்கள் படத்தை அச்சடித்து வருகிற ஆளைப் பற்றியோ முகமூடி செய்து வருகிற ஆளைப் பற்றியோ அது ஒன்றுமே சொல்வதில்லை. இரட்டைப் பிறவிகள், சாயல் ஒத்த உடன்பிறந்தவர்கள், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் முகத்தில் தனி அடையாளங்கள் முழுதாக உருவாகியிருக்காது என்பது காரணம்.

இந்த எண்ணை வைத்து இன்னொரு குழப்பமும் நடக்கிறது. போன் செய்வது ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடு: வந்திருப்பவர் உரிமையாளரா, இல்லையா. கேமராவில் பதிவான முகத்தை ஒரு பெரிய பட்டியலில் தேடுகிறார்களே, அது ஒன்றுக்குப் பல. இரண்டிலும் மென்பொருள் ஒரே மாதிரிதான், கணக்கு வேறு. 10 லட்சத்தில் 1 பிழை உள்ள அதே கருவியை 10 லட்சம் பேர் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியாகத் தவறான ஓர் ஆள் வந்து நிற்பார். போன் பூட்டு பிரமாதமாக வேலை செய்கிறது, ஆகவே தெருக் கேமராவும் அப்படித்தான் செய்யும் என்று யாராவது வாதிட்டால் நம்பாதீர்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

2011-இல் ஆண்ட்ராய்டு 4.0-வோடு ஃபேஸ் அன்லாக் முதன்முதலாகப் பரவலாக வந்தது. சாதாரண செல்ஃபி கேமரா, ஒரு மென்பொருள், அவ்வளவுதான். அறிமுக மேடையிலேயே செய்து காட்டியவரின் முகத்தை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் கடைக்கு வந்த பிறகு போட்டோவைக் காட்டினால் மட்டும் தாராளமாகத் திறந்தது. அடுத்த ஆண்டு "கண் சிமிட்டினால்தான் திறப்பேன்" என்று ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். உடனே ஒரே படத்தைக் கண் திறந்தபடியும், எடிட் செய்து கண் மூடியபடியும் மாற்றி மாற்றிக் காட்டி அதையும் ஏமாற்றினார்கள். 2017-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்8-இன் முக அடையாளமும் போட்டோவுக்குத் திறந்தது. அது வசதிக்காகத்தான், பணம் செலுத்த அதைப் பயன்படுத்த முடியாது என்றது கம்பெனி. அதே போனில் கருவிழி ஸ்கேனர் ஒன்று கூடுதலாக இருந்தது. ஜெர்மனியின் ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அதையும் விடவில்லை. கேமராவின் இரவு முறையில் கண்ணைப் படமெடுத்து, அச்சடித்து, கருவிழியின் வளைவு வருவதற்காக மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்தார்கள். திறந்தது. அச்சடிக்கச் சாம்சங் லேசர் பிரின்டர்தான் சிறப்பாக உதவியது என்று கிண்டலாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2019-இல் நெதர்லாந்து நுகர்வோர் அமைப்பான கன்சூமென்டன்பான்ட் 110 போன்களைச் சோதித்தது. 42 போன்கள் உரிமையாளரின் போட்டோவைக் காட்டியதுமே திறந்தன. அவற்றில் பேர்பெற்ற கம்பெனிகளின் போன்களும் இருந்தன.

காரணம் எளிது. சாதாரண கேமராவுக்கு உலகமே தட்டையானது. முகமானாலும், முகத்தின் படமானாலும் அதற்குக் கிடைப்பது வண்ணப் புள்ளிகள் மட்டுமே. படத்துக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும், அளக்க முடியாது.

2017 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஐபோன் எக்ஸ் இங்கேதான் வேறு வழியில் போனது. திரையின் மேல் விளிம்பில் இருந்த அந்தக் கறுப்புப் பட்டைக்குள் மூன்று கருவிகள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகம் முழுவதும் சீராகப் பாய்ச்சும் விளக்கு. இரண்டாவது, 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மேல் தெளிக்கும் புரொஜெக்டர். மூன்றாவது, இந்த ஒளியை மட்டும் பார்க்கும் கேமரா. ஒரு தூணின் மேல் கோடுபோட்ட துணியைச் சுற்றினால் கோடுகள் வளைகிற விதத்தை வைத்தே உள்ளே இருப்பது உருண்டையா சதுரமா என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கதைதான். மூக்கின் நுனியில் விழும் புள்ளியும் கண்குழியில் விழும் புள்ளியும் கேமராவின் கண்ணுக்கு வெவ்வேறு அளவு நகர்ந்து தெரியும். அந்த நகர்வை வைத்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது போன். தட்டையான படத்தில் மூக்கு எழுவதில்லை, கண் பள்ளமாவதில்லை; அங்கேயே ஆட்டம் முடிந்தது. இந்த யோசனை ஆப்பிளுடைய சொந்தச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். உடல் அசைவை வைத்தே வீடியோ கேம் ஆட வைத்த மைக்ரோசாஃப்டின் முதல் கினெக்ட் கருவிக்குள் இருந்தது இஸ்ரேலிய நிறுவனமான பிரைம்சென்ஸின் இதே வகை நுட்பம். 2013-இல் அந்த நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. மேசை மேல் வைத்த ஒரு நீளமான கருவியை விரல் நகம் அளவுக்குச் சுருக்கியதுதான் அவர்கள் செய்த பெரிய வேலை.

அகச்சிவப்பைத் தேர்ந்தெடுத்ததில் வேறு சில லாபங்களும் உண்டு. எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். போனே ஒளியைக் கொண்டு வருவதால் கும்மிருட்டிலும் திறக்கும். இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தைப் பயன்படுத்துகிறார்கள். சூரிய ஒளியில் அந்த அலைநீளத்தைக் காற்றில் உள்ள நீராவி கணிசமாக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உச்சி வெயிலிலும் தன் புள்ளிகளைப் போனால் பிரித்துப் பார்க்க முடிகிறது. அப்புறம், இன்னொரு போனின் திரையில் உங்கள் படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்தால், திரைகள் அகச்சிவப்பில் படம் காட்டுவதில்லை. இந்தக் கேமராவுக்கு அங்கே தெரிவது வெறும் கறுப்புக் கண்ணாடி. தோலின் நிறத்தால் வரும் வேறுபாடும் அகச்சிவப்பில் குறைகிறது. இந்த ஒளி கண்ணைக் கெடுக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரணப் பயன்பாட்டில் பாதுகாப்பானது என்று வகைப்படுத்தப்பட்ட மிகக் குறைந்த ஆற்றல்தான், பயப்பட ஒன்றுமில்லை.

இதையும் ஏமாற்றவே முடியாதா? ஐபோன் எக்ஸ் வந்த அதே மாதத்தில் வியட்நாமின் பிகேவ் நிறுவனம் 3டி பிரின்டரில் செய்த முகமூடியில் சிலிக்கோன் மூக்கும், அச்சடித்த கண்களும் ஒட்டித் திறந்து காட்டியது. செலவு சுமார் 150 டாலர் என்றது. ஆனால் அதற்கு உரிமையாளரின் முகத்தை நுணுக்கமாக அளவெடுக்க வேண்டும், முகமூடியைப் பொறுமையாகத் திருத்தித் திருத்திச் செய்ய வேண்டும். ஐந்து முறை தவறினால் போன் பாஸ்கோட் (ஐபோனில் பின் நம்பருக்கு அதுதான் பெயர்) கேட்டுவிடும் என்பதால் நிதானமாகப் பரிசோதனை செய்து பார்க்கவும் வழியில்லை. அரசாங்க உளவுத்துறை உங்களைத் தேடிக்கொண்டிருந்தால் யோசியுங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற திருடனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

ஆண்ட்ராய்டு பக்கம் இந்த வன்பொருள் வந்து வந்து போனது. 2018-இல் ஹுவாவே மேட் 20 புரோ, ஓப்போ ஃபைண்ட் எக்ஸ் போன்றவை புள்ளி தெளிக்கும் முறையோடு வந்தன. 2019-இல் கூகுளின் பிக்சல் 4 அதோடு ஒரு குட்டி ரேடாரையும் சேர்த்து, போனைக் கையில் எடுக்கும் முன்பே தயாராகிக்கொண்டது. அப்படிப்பட்ட போனில் கண் மூடியிருந்தாலும் திறக்கும் என்ற ஓட்டை இருந்தது. தூங்குகிறவர் முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். சில மாதங்கள் கழித்துத்தான் கண் திறந்திருக்க வேண்டும் என்ற தேர்வு அப்டேட்டில் வந்தது. இந்தக் கருவிகளுக்கு இடமும் வேண்டும், செலவும் ஆகும். திரை முழுக்க விளிம்பு வரை வேண்டும் என்று வாங்குபவர்கள் ஆசைப்பட்டபோது பல கம்பெனிகள் இவற்றைத் தூக்கிவிட்டுத் திரைக்கு அடியில் விரல்ரேகை சென்சாரை வைத்துக்கொண்டன. முகத்துக்குப் பழைய செல்ஃபி கேமராவே திரும்பி வந்தது.

ஆகவே உங்கள் போன் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஆண்ட்ராய்டு இதற்காக மூன்று வகுப்புகள் வைத்திருக்கிறது. வகுப்பு 3 என்றால் வலுவானது: போலிகளைக் காட்டிச் சோதிக்கும்போது 7 சதவீதத்துக்கு மேல் ஏமாறக் கூடாது. 7-இலிருந்து 20 வரை ஏமாந்தால் வகுப்பு 2. அதற்கும் மேலே போனால் வகுப்பு 1, வசதிக்கு மட்டும். தவறான ஆளை ஏற்கும் விகிதம் மூன்று வகுப்புக்குமே 50,000-த்தில் 1 என்பதைக் கவனியுங்கள். அதாவது முதல் கேள்வியில் எல்லோரும் பாஸ். தரம் பிரிப்பது போலியைப் பிடிக்கும் திறமைதான். வகுப்பு 1-ஐ வைத்துத் திரையைத் திறக்கலாமே தவிர, ஆப்களுக்குள் நுழைய அதைப் பயன்படுத்த முடியாது. பணம் சம்பந்தப்பட்ட சாவிகளைத் திறக்கும் அதிகாரம் வகுப்பு 3-க்கு மட்டும்தான்.

இதிலிருந்தே வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை கிடைக்கிறது. போனில் முகம், விரல் இரண்டையும் பதிவு செய்துவிட்டு வங்கி ஆப்பைத் திறங்கள். அது விரலை மட்டும் கேட்டு முகத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த ஃபேஸ் அன்லாக்கைப் போனே நம்பவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். இருட்டில் முயற்சி செய்யும்போது திரை பளீரென்று வெள்ளையானால், உங்கள் முகத்துக்கு விளக்குப் பிடிக்கிறது என்று அர்த்தம், சாதாரண கேமராதான். பதிவு செய்யும் நேரத்தில் "உங்களைப் போலத் தோற்றமுள்ளவர் திறந்துவிடக்கூடும்" என்ற ரீதியில் ஒரு எச்சரிக்கை வரும். நாம் யாரும் படிக்காமல் தட்டிவிடுகிற அந்தப் பத்தியில் கம்பெனி உண்மையை ஒப்புக்கொண்டிருக்கும். சாதாரண கேமரா என்றாலே மோசம் என்று மொத்தமாக முத்திரை குத்தவும் முடியாது. 2023-இல் வந்த பிக்சல் 8 புள்ளி புரொஜெக்டர் எதுவும் இல்லாமல், முன்கேமராவோடு பழக்கப்பட்ட மென்பொருளை மட்டும் வைத்தே வகுப்பு 3-ஐத் தொட்டது. வெளிச்சம் இல்லாவிட்டால் திணறும் என்பது அதற்கு மிச்சமிருக்கும் குறை.

முகம் எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி. இதில் மக்கள் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஐபோனில் டெம்ப்ளேட் இருப்பது செக்யூர் என்கிளேவ் என்ற தனிப் பகுதியில். மெயின் பிராசசருக்கே அதைப் படிக்கும் அனுமதி கிடையாது. ஒப்பீடு அதற்குள்ளேயே நடந்து, வெளியே வருவது பொருந்தியது, பொருந்தவில்லை என்ற பதில் மட்டும். ஐகிளவுட் பேக்கப்பிலும் அது சேராது. புதுப் போனுக்கு மாறும்போது படங்களும் செய்திகளும் தானாக வந்துவிட, முகத்தை மட்டும் மறுபடி பதிவு செய்யச் சொல்கிறதே, காரணம் இதுதான். ஆண்ட்ராய்டின் நல்ல ரகப் போன்களிலும் இதுபோலவே தனியாக ஒதுக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதிக்குள்தான் வேலை நடக்கிறது. "வங்கி ஆப்பில் ஃபேஸ் லாகின் வைத்தால் வங்கிக்கு என் முகம் போகுமா?" என்றால், போகாது. போனிடம் வங்கி ஆப் "இவர்தானா?" என்று கேட்கிறது. போன் "ஆம்" என்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் ஆப்பே கேமராவைத் திறந்து, வட்டத்துக்குள் முகத்தை வையுங்கள், இடது பக்கம் திரும்புங்கள், சிரியுங்கள் என்று சொன்னால் அது முற்றிலும் வேறு விஷயம். கணக்குத் தொடங்கும்போது வரும் அடையாளச் சரிபார்ப்பு அந்த வகை. அங்கே உங்கள் முகத்தின் வீடியோ போனை விட்டு வெளியேறி ஒரு சர்வருக்குப் போகிறது; அங்கே அடையாள அட்டையில் உள்ள படத்தோடு ஒப்பிடப்படுகிறது. யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் அந்த நிறுவனத்தின் நேர்மையையும் அந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. வயதான தோற்றம் காட்டும் ஆப்புக்கு ஜாலியாக முகத்தைக் கொடுத்துவிட்டு, ஃபேஸ் ஐடி (ஐபோனின் முகப் பூட்டு) தன்னை வேவு பார்ப்பதாகப் புலம்புகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2019-இல் உலகமெங்கும் பரவிய ஃபேஸ்ஆப் கூடப் படத்தைத் தன் சர்வருக்கு அனுப்பித்தான் முகத்தை மாற்றிக் கொடுத்தது.

இதில் விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-இல் ஓர் உதாரணம் வந்தது. குரூப் ஐபி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் கோல்ட்பிக்கேக்ஸ் என்ற தீய மென்பொருளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் அரசாங்கச் சேவை ஆப் போல நடித்து அது போனுக்குள் நுழைந்தது. பிறகு அடையாள அட்டையைப் படமெடுக்கச் சொன்னது, முகத்தை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று வீடியோ எடுத்தது. அந்த வீடியோவை வைத்து டீப்ஃபேக் (கம்ப்யூட்டரில் செய்த போலி) முகம் உருவாக்கி வங்கிக் கணக்குகளுக்குள் நுழைவதுதான் திட்டம். ஐபோனிலும் இது ஓடியது. கவனியுங்கள், ஃபேஸ் ஐடியை யாரும் உடைக்கவில்லை. அதன் டெம்ப்ளேட்டை யாரும் தொடவில்லை. உரிமையாளரே தன் முகத்தை வேறு வாசல் வழியாகக் கொடுத்துவிட்டார். போனின் அகச்சிவப்புச் சென்சார் எத்தனை பிரமாதமாக இருந்தாலும், சர்வருக்குப் போகும் சாதாரண வீடியோவில் அது ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது.

கேலரியில் ஒரே ஆளின் படங்களைச் சேர்த்துக் காட்டுவதும் முக அடையாளம்தான், பூட்டோடு தொடர்பில்லாதது. ஆப்பிள் அதைப் போனுக்குள்ளேயே செய்கிறது. கிளவுடில் படங்களை ஏற்றும் சேவைகளில் சர்வரில் நடக்கும். வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ள வழி இருக்கும்.

முகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று ஒரு கேள்வி எழும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் முகத்தை அடையாளம் காணும் 189 அல்காரிதங்களை (மென்பொருள் முறைகளை) ஆராய்ந்தது. பலவற்றில், ஆசிய, ஆப்பிரிக்க முகங்களைப் பொறுத்தவரை தவறான ஆளை ஏற்றுக்கொள்ளும் பிழை வெள்ளையர்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. எல்லா அல்காரிதமும் அப்படி இல்லை. யார் யாருடைய படங்களைக் காட்டிப் பழக்கினார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. ஆழம் அளக்கும் போன்களில் இந்தப் பிரச்சினை குறையும். சாதாரண கேமராவை நம்பும் போன்களில், சாயல் ஒத்தவர்கள் நிறைய இருக்கும் குடும்பத்தில், கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

சாயல் என்றதும் ஒரு வேடிக்கை. ஃபேஸ் ஐடி உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கும். தாடி வளர்த்தாலும் கண்ணாடி மாற்றினாலும் பழகிக்கொள்வது இதனால்தான். ஒரு முறை முகம் மயிரிழையில் பொருந்தாமல் போய், உடனே நீங்கள் சரியான பாஸ்கோடை அடித்தால், "சரி, இதுவும் இவர்தான் போல" என்று அந்த முகத்தையும் கொஞ்ச காலத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இப்போது உங்களைப் போலவே இருக்கும் தம்பிக்கு உங்கள் பாஸ்கோடும் தெரியும் என்று வையுங்கள். அவன் காட்டுவான், போன் மறுக்கும், அவன் பாஸ்கோட் அடிப்பான். நாலைந்து தடவை இது நடந்தால், போனுக்கே குழப்பம் வர வாய்ப்பு உண்டு. கற்றுக் கொடுத்தது அவன்தான்.

இங்கிருந்து பின் நம்பருக்கு வருகிறேன், ஏனென்றால் மொத்தப் பாதுகாப்பும் கடைசியில் அதில்தான் நிற்கிறது. முகத்தைப் பதிவு செய்துவிட்டோம், இனி பின் எதற்கு என்று 1234 வைப்பவர்கள் நிறையப் பேர். முகம் மறுக்கப்பட்டால் போன் கேட்பது பின்னைத்தான். அணைத்துப் போட்டாலும் அதைத்தான் கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தாலும் பாஸ்கோடுதான். ஆண்ட்ராய்டில் வகுப்பு 3 என்றால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கேட்கும். கீழ் வகுப்புகளில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. பின் தெரிந்த திருடன் உள்ளே போய்த் தன் முகத்தையே புதிதாகப் பதிவு செய்துகொள்ள முடியும். இதை எதிர்பார்த்துத்தான் ஒழுங்காக எழுதப்பட்ட வங்கி ஆப்கள், போனில் புது முகமோ விரலோ சேர்ந்தால் பழைய அனுமதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி பாஸ்வேர்டைக் கேட்கின்றன. அந்தத் தொல்லையைத் திட்டாதீர்கள்.

பின் அடிப்பதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறிக்கும் திருட்டு அதிகமானதும், 2024 ஜனவரியில் ஐபோனுக்கு ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன் வந்தது. வழக்கமான இடங்களை விட்டு வெளியே இருக்கும்போது முக்கியமான மாற்றங்களுக்கு முகமோ விரலோ கட்டாயம். பாஸ்கோடை மாற்றாக ஏற்காது. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் ஒரு மணி நேரம் காத்திருந்து இரண்டாவது தடவையும் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் 2025-இல் சில போன்களுக்கு வந்த ஐடென்டிட்டி செக் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. இரண்டையும் நாமே போய் ஆன் செய்ய வேண்டியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். முகம் பின்னைவிட மேலானது என்று போன் கம்பெனிகள் துணிந்து சொன்ன இடம் இது. ஆழம் அளக்கும் கருவி, வகுப்பு 3 சான்று எல்லாம் இருப்பதால்தான் அந்தத் துணிவு.

எனவே வங்கி ஆப்புக்கு வைக்கலாமா என்றால், ஐபோனிலும், வங்கி ஆப்பே முகத்தை ஏற்கும் ஆண்ட்ராய்டிலும் தாராளமாக வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். மற்றவற்றில் விரலே மேல். சாதாரண கேமராவை நம்பும் போனில் திரைப்பூட்டுக்கு முகத்தை வைப்பதும் குற்றமில்லை, உள்ளே பணமும் அலுவலக ரகசியமும் தனிப் பூட்டோடு இருக்கும் வரை. நாலு இலக்கத்துக்குப் பதில் ஆறு இலக்கப் பின் வையுங்கள். முகம் இருப்பதால் அதை அடிக்கடி அடிக்க வேண்டியிருக்காது; நீளமாக வைப்பதில் சிரமமும் தெரியாது. கண் திறந்திருக்க வேண்டும் என்ற தேர்வு செட்டிங்ஸில் இருந்தால் அதை அணைக்காதீர்கள். மாஸ்க் போட்டபடி திறக்கும் வசதி 2022-இல் ஐபோன் 12-க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் கிடைத்தது. கண்ணைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வைத்து முடிவெடுப்பதால் அதில் துல்லியம் கொஞ்சம் குறையும் என்று ஆப்பிளே குறிப்பிடுகிறது. தினமும் மாஸ்க் போடுபவர் இல்லை என்றால் அது தேவையில்லை.

கடைசியாக, யாராவது போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் கட்டாயப்படுத்தித் திறக்க வைப்பார்களோ என்ற பயம் இருந்தால்: ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் வால்யூம் பட்டன்களில் ஒன்றையும் சேர்த்து இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். பவர் ஆஃப் திரை வரும். அதற்குப் பிறகு பாஸ்கோட் அடிக்கும் வரை முகம் வேலை செய்யாது. பாக்கெட்டுக்குள் கையை விட்டே செய்துவிடலாம். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து பவர் மெனுவில் லாக்டவுன் என்று ஒன்று உண்டு. பல போன்களில் அதைச் செட்டிங்ஸில் முதலில் ஆன் செய்து வைத்தால்தான் அந்த மெனுவில் தெரியும். அதை இன்றைக்கே ஒரு தடவை அழுத்திப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் இருக்கும்போது மெனுவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.